மீனை விட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ மீன், கறி எல்லாம் விட்டு நாலைந்து மாதம் ஆகிறதாமே. தம்பிதான் சொன்னான். உனக்கு அனுப்பலாம் என்று மாடியில் நெத்திலிக் கருவாடு காயப்போட்டிருந்தேன், ‘யம்மா, அவளுக்கு அனுப்பாத, அவ இப்ப சாப்பிடுறதில்ல’ என்று வாய் தவறி உளறிவிட்டான். அவனைத் திட்டாதே, நாக்கைக் கடித்துக்கொண்டு மூடி மறைக்கத்தான் பார்த்தான், நான்தான் விடவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. ஈஸ்டருக்கு வந்தபோது வயிறு சரியில்லை என்று ரசஞ்சோறு தின்றாயே, அப்போதே சந்தேகப்பட்டேன். ஊளி மீன் குழம்பை வேண்டாம் என்று சொல்கிற வயிறா உன் வயிறு? அப்பா நடுக்கண்டத்தை உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். நீ சாப்பிடாமல் எழுந்ததும் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். தம்பியிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். சரி, அதை விடு.

ஏன் விட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அகமதாபாத்தில் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் சொல்லித்தான் விட்டாய் என்றால் அந்த வீட்டில் சமைக்காமல் இருந்தால் போதும், வெளியே போய்ச் சாப்பிட யார் தடுக்கப்போகிறார்கள்? அப்பா இதைக் கேட்டதும், வெராவல் துறைமுகத்தில் இறங்குகிற மீனைப் பார்த்தால் நம் துறைமுகமே தோற்றுப்போகும், குஜராத்துக்காரனுக்கு மீன் ஆகாதாமா என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்கு எல்லாமே துறைமுகக் கணக்குதான். உயிரைக் கொல்வது பாவம் என்று உனக்கே தோன்றியிருந்தால் அதுவும் சரிதான், வள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பத்துக் குறளையும் ஒப்பித்துப் பரிசு வாங்கிக்கொண்டு வந்து, அன்று ராத்திரியே இறால் வறுவல் தம்பி தட்டில் கூடுதலாக விழுந்தது என்று சண்டை போட்டவள் நீ. அதனால்தான் எனக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கிறது. வேறு யாருக்காகவாவது விட்டாய் என்றால், அதை நீ சொல்லும்போது சொல்.

என் கவலை உன் ரத்தம். கல்லூரியில் படிக்கும்போது ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு இறங்கியதே, பாளையங்கோட்டை டாக்டரிடம் அலைந்தோமே, மறந்திருக்க மாட்டாய். பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. நீ அந்த மாத்திரையை முழுங்காமல் பீரோவுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. மீனிலும் கறியிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் லேசாகச் சேரும், கீரையிலும் பருப்பிலும் இருப்பது அப்படிச் சேராது, அதற்குப் புளிப்பு கூட வேண்டும். அதனால் எந்தப் பயறு சாப்பிட்டாலும் மேலே எலுமிச்சை பிழிந்துகொள், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாத்துண்டு. அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடு. டீயும் காபியும் இரும்புச்சத்தை உள்ளே சேர விடாது, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். உனக்கு டீயை விடுவது மீனை விடுவதை விடக் கஷ்டம் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

தம்பி உன் சாப்பாட்டுப் படங்களைக் காட்டினான். ஒரு நாள் பன்னீர் பட்டர் மசாலா, ஒரு நாள் உருளைக்கிழங்கு பரோட்டா, ஒரு நாள் பிரெட்டும் ஜாமும். பாப்பா, இது மீனை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது. நம் வீட்டுத் தட்டில் மீன்தான் சாப்பாடு, காய் சும்மா ஓரத்தில் இருக்கும், மீனை எடுத்துவிட்டால் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். புதிதாக விடுகிற எல்லாரும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள், பசி அடங்காமல் பேக்கரிக்கு ஓடுவார்கள். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று முதலில் யோசிக்க வேண்டும். நூறு கிராம் மீனில் இருபது கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பச்சையாக அளந்தால் பருப்பிலும் பயறிலும் அதற்குக் குறையாது, ஆனால் வெந்தால் தண்ணீர் ஏறி அளவு பெருகிவிடும். அதனால் ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருக்காதே, கெட்டியாகக் கடைந்த பருப்பாக ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடு. மீல்மேக்கர் வாங்கி வை, காய்ந்த கணக்கில் பாதிக்குப் பாதி புரதம்தான், வெந்நீரில் போட்டு நன்றாகப் பிழிந்துவிட்டால் அந்த வாடை போய்விடும்.

வயிறு ஊதுகிறது என்று தம்பியிடம் சொன்னாயாமே. (இதுவும் அவனிடம்தான்.) ஒரேயடியாகப் பயறு கூட்டினால் ஊதத்தான் செய்யும். ராத்திரி ஊறப்போடு, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவை, பெருங்காயமும் பூண்டும் இஞ்சியும் போடு. முதலில் பாசிப்பருப்பு, அது வயிற்றுக்கு லேசு, அப்புறம் தட்டைப்பயறு, கொண்டைக்கடலைக்குக் கடைசியாக வா. ராஜ்மாவை அரைவேக்காட்டில் மட்டும் தின்றுவிடாதே, வாந்தியில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கேயே கம்பு ரொட்டி கிடைக்குமே, அதில் இரும்புச்சத்து நன்றாக இருக்கிறது, கேழ்வரகு கிடைத்தால் கூழோ தோசையோ செய், பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. அங்கன்வாடியில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சத்துமாவு உருட்டிக் கொடுத்தவள் நான், சொந்தப் பிள்ளை பிரெட்டும் ஜாமும் தின்கிறது.

வைட்டமின் பி 12 என்று ஒன்று இருக்கிறது. செடி கொடியில் அது கிடையாது, பாலிலும் தயிரிலும் கொஞ்சம் உண்டு, முட்டையில் உண்டு. ஈரலில் சேமிப்பு இருக்கும், அதனால் குறைவது உடனே தெரியாது, வருஷக்கணக்கில் மெதுவாகக் குறைந்து, கை கால் மரத்துப்போகும், நாக்கு எரியும், மறதி வரும். அதுவரை காத்திருக்காமல் இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள், ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்த்துவிடு. டாக்டர் எழுதிக்கொடுத்தால் மாத்திரையாகக் கேட்டு வாங்கு, காப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. விட்டது விட்டதாகவே இருக்கவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிப்பாய், அதனால் சொல்கிறேன். பாக்கெட்டில் பச்சை வட்டம் பார்த்து வாங்கு, அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம் போடுகிறார்கள். தாய்லாந்து சாப்பாட்டுக் கடைக்குப் போனால் கேட்டுவிட்டுச் சாப்பிடு, காய்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சாறும் இறால் விழுதும் உள்ளே இருக்கும்.

நாக்கு கேட்கிறதா? கேட்காமல் இருக்காது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது என்றாலும் நமக்கு மீன் உண்டு, அதனால் நம் வீட்டில் யாருக்கும் விட்டுப் பழக்கமே இல்லை. ஆனால் உன் ஆச்சி தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது என்ன செய்வாள் தெரியுமா, அதே மீன் குழம்பு மசாலாவை அரைத்து, அதே புளியைக் கரைத்து, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு இறக்கிவிடுவாள், தாத்தா ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். பாதி ருசி அந்தப் புளியிலும் தேங்காயிலும்தான் இருக்கிறது. வாழைக்காயை மெலிதாகச் சீவி மீன் வறுவல் மசாலா தடவி ஒரு மணி நேரம் வைத்துத் தோசைக்கல்லில் போட்டுப் பார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் உனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்கும், கறுப்பு உளுந்துதான் போடவேண்டும், வெள்ளை போட்டால் அந்த ருசி வராது.

இன்னொன்று சொல்லவேண்டும். மாடி வீட்டு ஆச்சியிடம் போய்ச் சொதி வைக்கக் கற்றுக்கொண்டேன், தேங்காய்ப்பாலில் காய் போட்டு வைக்கிற குழம்பு. அவர்கள் சைவப் பிள்ளைமார், மறுவீட்டு விருந்துக்கு அவர்களிடம் சொதிதானே பிரதானம். முதல் தடவை வைத்தபோது தலைப்பாலை ஊற்றிவிட்டு அடுப்பை அணைக்காமல் கருவேப்பிலை பறிக்கப் போய்விட்டேன், வந்து பார்த்தால் பால் திரிந்து மேலே எண்ணெய் தனியாக, கீழே தண்ணீர் தனியாக நிற்கிறது. ஆச்சி வந்து நின்று சொல்லிக்கொடுத்தார்கள்: மூன்றாம் பாலில் காய் வேகவேண்டும், வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் அப்புறம், இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்து ஊற்றிக் கடைசியில் தலைப்பால், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், எலுமிச்சை பிழிவது இறக்கி ஆறவிட்ட பிறகுதான். இப்போது நன்றாக வருகிறது. இஞ்சித் துவையல்தான் இன்னும் ஆச்சி கைப்பக்குவத்துக்கு வரவில்லை. யாருக்காகக் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டார்கள், மகளுக்கு என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குப் புரிந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கடற்கரையில் பிறந்த பிள்ளை இத்தனை மாதம் மீனைத் தொடாமல் இருக்கிறாள் என்றால் அது லேசான உறுதி இல்லை, அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். அந்த உறுதியில் கொஞ்சத்தை எனக்கு ஒரு போன் செய்வதிலும் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரும் போன் இப்போது எத்தனை வாரமாக வரவில்லை என்று உனக்கே தெரியும். சித்தியிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பெரியவன் கல்யாணத்தில் பார்த்தாய்தானே.

ஜூலை 26 பனிமய மாதா கோவில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. வீட்டுக்கு வந்தால் சாப்பிட ஒன்றும் இருக்காது, எல்லாரும் கேள்வி கேட்பார்கள் என்று வராமல் இருந்துவிடாதே. மீன் சட்டியில் எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகாது என்று உனக்காகப் புதுச் சட்டி இரண்டு வாங்கிப் பழக்கி வைத்திருக்கிறேன், அகப்பையும் தனி. பாப்பா, இதையெல்லாம் ஒரு மாதம் முன்னாடியே சொல்லியிருந்தால் உனக்கென்று போட்ட கருவாட்டைக் குறைத்திருப்பேன், இப்போது கிலோக்கணக்கில் கிடக்கிறது.

ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, தம்பிக்கு இல்லை. டிக்கெட் போட்டதும் நாளைச் சொல். எத்தனை பேர் வருகிறீர்கள் என்றும் சொல், சொதிக்கு அதற்கேற்பத் தேங்காய் வாங்கி வைக்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. முட்டையும் விட்டாயா இல்லையா என்று தம்பிக்குத் தெரியவில்லை. மக்ரூன் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டே. அனுப்பவா வேண்டாமா என்று இன்றைக்கே சொல், நமத்துப்போனால் யாரும் தின்னமாட்டார்கள்.