அம்மாவின் செபமாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் காலமான என் அம்மா, பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை தேடித் தூத்துக்குடியிலிருந்து திருகோணமலைக்கு வந்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பின்பும் தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். 'வரத்தார்', அதாவது வெளியிலிருந்து வந்தவர்கள், என்று அயலில் சிலர் சொன்ன சொல் அம்மாவை நெடுநாள் வருத்தியது. கோவில் வாங்கில் மட்டும் எவரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. 1990இல் இடம்பெயர்ந்தபோது அவர் மறவாமல் எடுத்தது செபமாலை ஒன்றைத்தான். அது அறுந்த இடத்தைத் தங்கூசி எனும் நைலோன் இழையால் முடிந்து, இறுதிவரை அந்த முடிச்சில் விரல் படும்போதெல்லாம் சற்று நின்று, ஊரில் விட்டுவந்த உறவுகளுக்காக மன்றாடுவார். அடக்கத் திருப்பலிக்கு, அவர் விடியப்புறப் பூசைக்கு நடந்த வீதியின் இந்து, முஸ்லிம் அயலவர்களும் வந்து நின்றார்கள். அவர்கள் அனைவருக்கும் தங்கள் பத்திரிகை வாயிலாக நன்றி கூறுகின்றேன்.

ஒரு மகள்,
திருகோணமலை.