துணைத் தேர்வுக்கு முன் ஏழு வாரம்: எங்கள் ஆண்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் மன்றத்தாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

போன மாதம் நடந்த ஆண்டு விழாவில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகும் தமிழய்யாவை நினைவில் வைத்திருப்பதற்கு நன்றி. அன்றைக்கு ஆண்டறிக்கை வாசிக்கும்போது பையன்கள் எந்தெந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. பதினோரு வருடம் அந்த அறிக்கையை எழுதி, அதே மேடையில் நின்று வாசித்தவன் நான். அதனால்தான், பிளஸ் டூவில் தேறாமல் போகும் நம் பையன்களுக்காக இந்த மடலை எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது.

இந்த வருடச் செய்திகள் எல்லாமே மனதுக்கு நிறைவானவை. எட்டாம் வகுப்பில் நான்கு பேர் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ முடிக்கும் வரை மாதம் ஆயிரம் ரூபாய், நான்கு வருடத்தில் 48 ஆயிரம். தீப்பெட்டி ஒட்டும் வீட்டுக்கும் பெட்டிக்கடை வைத்திருக்கும் வீட்டுக்கும் அது சின்னத் தொகை இல்லை. அந்த நான்கு பேருக்காக மதிய உணவு நேரத்தையும் சனிக்கிழமைகளையும் கொடுத்த கணக்கு ஆசிரியைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கபடி அணி மாவட்டப் போட்டி வரை போய் வந்தது. கலைத் திருவிழாவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் களிமண்ணில் செய்த ஏர் உழவன் பரிசு வாங்கியது. மாட்டின் கழுத்துத் தோல் மடிப்பைக்கூட அவன் விடவில்லை. அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு நம் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன முதல் பையன், விழாவுக்கு வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு வந்திருந்தான். கீழே உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புக் குழந்தைகள் அவனை வாய் பிளந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகவாவது விழா நடக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வரி. "சென்ற கல்வியாண்டில் பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காடு 91." கைதட்டினார்கள், அடுத்த பத்திக்குப் போய்விட்டோம்.

140 பேர் எழுதினார்கள், 127 பேர் தேறினார்கள். மீதி 13 பேர். அவர்களைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. நான் எழுதிய பதினோரு அறிக்கைகளிலும் இல்லை.

இது நம் பள்ளியில் மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழ்களில் "வழக்கம்போல் மாணவிகளே அதிகம்" என்று தலைப்பு வரும். பெண் பிள்ளைகள் முந்துவதில் எனக்குப் பெருமைதான். என் இரண்டு மகள்களும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். ஆனால் "வழக்கம்போல்" என்று சொல்லிச் சொல்லி, பையன்கள் பின்தங்குவதை மழை வெயில் போல இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16 சதவீதம். கேட்கும்போது மூன்றரைப் புள்ளிதான் வித்தியாசம். தலைகளை எண்ணினால், மாநிலம் முழுவதும் தேறாத பையன்கள் மட்டும் 25 ஆயிரத்துக்கும் மேல். தனியாக ஆண்கள் பள்ளிகளை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: 2024இல் பெண்கள் பள்ளிகளின் தேர்ச்சி 96 சதவீதத்தைத் தாண்டியது, ஆண்கள் பள்ளிகள் 89ஐ ஒட்டி நின்றன.

இவர்கள் தேர்வு எழுதியவர்கள். எழுதவே வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்ற செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. தமிழ்த் தேர்வு. நான் கற்பித்த பாடம். அவர்களில் பலர் அன்று காலையில் திடீரென்று நின்றவர்கள் இல்லை. எப்போதோ பள்ளியை விட்டுப் போய்விட்டு, வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயராக இருந்தவர்கள்.

எங்கே போகிறார்கள் என்பதை நான் ஒரு பந்தியில் தெரிந்துகொண்டேன்.

பணியில் என் கடைசி வருடம், தை மாதம். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். இலை போட்டு, பொரியல் வைத்து, சாதம் போட்டாகிவிட்டது. சாம்பார் வாளியோடு வரிசையில் வந்த பையன் என் இலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். மெரூன் கலர் டி-சர்ட், பின்னால் கேட்டரிங்காரர் பெயர். என் பிளஸ் டூ வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. ஒரு நொடி கரண்டியைத் தூக்குவதா கீழே வைப்பதா என்று தெரியாமல் நின்றான். பிறகு ஊற்றினான், நான் போதும் என்று கையைக் காட்டிய பிறகும் இன்னொரு கரண்டி ஊற்றினான். "அய்யா, ரசம் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. ரசத்தை வேறு பையன் கொண்டுவந்தான்.

கை கழுவிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பிடித்தேன். ஒரு முகூர்த்தத்துக்கு அறுநூறு ரூபாய், முதல் நாள் ராத்திரியே வந்துவிட வேண்டும், சாப்பாடு உண்டு. தையிலும் மாசியிலும் மாதத்துக்கு எட்டு பத்து முகூர்த்தம் கிடைக்கும். அப்பா பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து வீட்டில் இருக்கிறார். பையன் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை.

காலண்டரை எடுத்துப் பாருங்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. தை பிறந்து மாசி முடிகிறவரை நம் ஊர்ப்பக்கம் கல்யாணக் காலம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுகின்றன. ஒரு பையன் சரியாக எந்த வாரங்களில் புத்தகத்தோடு உட்கார வேண்டுமோ, அந்த வாரங்களில்தான் அவன் கைக்கு அதிகக் காசு கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு வேறு சுமைகள் உண்டு, அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயதில் "நாளைக்கு வர்றியா, அறுநூறு" என்று வாசலில் வந்து கூப்பிடுவது பெரும்பாலும் பையன்களைத்தான். வீட்டில் பணம் வருகிறதென்றால் யாரும் அவனைத் திட்டுவதில்லை. "பொறுப்பான பிள்ளை" என்று பெயரும் கிடைக்கிறது.

அவன் வந்தான், தேர்வு எழுதினான். நான்கு பாடத்தில் தேறி இயற்பியலிலும் கணக்கிலும் விட்டான். இயற்பியலில் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து முப்பதில் நல்ல மதிப்பெண் கையில் இருந்தது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்தைத் தொட்டிருந்தால் போதும். பன்னிரண்டு எடுத்திருந்தான். மூன்று மதிப்பெண்.

நான் உங்களிடம் பேச வந்தது இங்கேதான்.

தேர்வு முடிவு 2024இல் மே 6 அன்று வந்தது, தேறாதவர்கள் விட்ட பாடத்தை மறுபடி எழுதும் துணைத் தேர்வு ஜூன் 24 அன்று தொடங்கியது. 2025இல் மே 8, ஜூன் 25. இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஏழு வாரம். தேறாத பையனுக்கு அந்த ஏழு வாரத்தில் யாருமே இல்லை. பள்ளி கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணியை முடித்துக் களைத்து ஊருக்குப் போயிருக்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூடப் படித்தவர்கள் கல்லூரி விண்ணப்பத்தோடு அலைகிறார்கள். ஃபெயிலானவன் வெட்கத்தில் தெருப்பக்கம் வருவதில்லை. வைகாசி முகூர்த்தம் வேறு. துணைத் தேர்வுக்குப் பணம் கட்டக் கொடுக்கிற நாட்களோ சொற்பம். அதையே தவறவிட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

அந்த வருடம் நானும் வேதியியல் ஆசிரியர் ஒருவரும் அவனையும் இன்னும் ஐந்து பேரையும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துப் படிக்க வைத்தோம். எனக்கு இயற்பியல் தெரியாது. பாலிடெக்னிக் முடித்து ஊரில் மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் பழைய மாணவர் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடித்து நேராக வருவார். மின்னோட்டவியலை அவர் மீட்டர் பெட்டியைக் காட்டி நடத்தினார். ஆறு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். ஒருவன் பாதியில் திருப்பூருக்குப் போய்விட்டான். அவனைப் பிடித்து வைக்க எங்களால் முடியவில்லை.

ஜூலையில் சான்றிதழ் வாங்க, பந்தியில் நான் பார்த்த அந்தப் பையன் அம்மாவோடு வந்தான். அலுவலக வாசலில் அதிக மதிப்பெண் பெற்றவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறதல்லவா, அதை அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், இது பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று தலைமையாசிரியரைக் கேட்டார். எடுத்தார்கள். பையன் சிரிக்கவில்லை, சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு நேராக நின்றான். அவன் பெயர் அந்தப் பலகையில் இல்லை. அடுத்த வருட ஆண்டறிக்கையிலும் இல்லை. அறிக்கையை எழுதியவர் என்னிடம் யோசனை கேட்டார். நான் பழைய பழக்கத்தில் மதிப்பெண் பட்டியலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன். அது என் தவறு. இன்றுவரை உறுத்துகிறது.

மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை 2017இல் அரசே நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மீது ஏறும் பாரத்தை நினைத்துச் செய்த நல்ல காரியம் அது. நாம் மட்டும் மேடையில் முதல் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்களுக்குக் கேடயம் கொடுங்கள், அது அவர்கள் உழைத்துப் பெற்றது. கூடவே, துணைத் தேர்வில் தேறியவர்கள் பெயரையும் ஆண்டறிக்கையில் சேர்த்து வாசியுங்கள். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவன் சம்மதித்தால். நின்றுபோய்த் திரும்பி வந்து படித்தவர்கள் பெயரையும் அப்படியே.

முன்னாள் மாணவர் மன்றத்தில் நுழைவாயில் வளைவு கட்ட நிதி திரட்டுகிறீர்கள். நன்றாக வரட்டும், என் பங்கையும் கொடுத்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் பணத்தைவிட மேலான ஒன்று இருக்கிறது. உங்களில் பொறியாளர் இருக்கிறீர்கள், கல்லூரி ஆசிரியர் இருக்கிறீர்கள், ஐ.டி.ஐ. முடித்து சொந்தப் பட்டறை வைத்தவர்கள் இருக்கிறீர்கள். இதே பள்ளியில் ஃபெயிலாகி எழுந்தவர்களும் இருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், அந்த ஏழு வாரம் பையன்களோடு உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க நீங்கள்தான் முதலில் வர வேண்டும். அந்தப் பையன்களுக்கு உங்கள் பேச்சுதான் காதில் ஏறும்.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். தேர்வு முடிவு வந்த அன்று மாலையே தேறாதவர்களின் வீட்டுக்குப் போங்கள். ஆசிரியர் போனால் பையன் பின்வாசல் வழியாக ஓடிவிடுகிறான், நீங்கள் போனால் அவன் அம்மாவிடம் பேசலாம். துணைத் தேர்வில் தேறினாலும் அதே வருடம் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர முடியும் என்பதையும், அப்படிச் சேர்ந்தால், ஆறாம் வகுப்பிலிருந்து நம் பள்ளியில் படித்த பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். அவன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒரு முகூர்த்தத்துக்கு அறுநூறு என்பதற்கு எதிரே வைக்க நம் கையில் இருப்பது இவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். விடுமுறையில் கீழ்த்தளத்து இரண்டு வகுப்பறைகளைத் திறந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வேதியியலுக்கு அதே ஆசிரியர் வருகிறார். தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன். மின்சார வேலைக்காரத் தம்பி ஊரில்தான் இருக்கிறார், சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கணக்குப்பதிவியலுக்கும் இன்னும் ஆள் இல்லை. மதியம் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு வேண்டும். முடிவு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு நான் பள்ளியில் இருப்பேன். வேப்பமரத்துப் பக்கத்துச் சின்ன கேட் திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழாசிரியர்