தூக்கத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

டயாலிசிஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் சிறுநீரக மருத்துவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் மெஷின் ஓடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். டெக்னீஷியன் தோளைத் தட்டி, "இங்கேயே தூங்கிட்டா ராத்திரி எப்படிங்க தூக்கம் வரும்?" என்றார். அந்தத் தம்பி மேல் கோபமில்லை. பிரஷர் இறங்கி மயங்குவதும் தூங்குவதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுப்புவது அவர் வேலை. ஆனால் இத்தனை மாதங்களில் என் ராத்திரியைப் பற்றி இங்கே எழுந்த ஒரே பேச்சு அதுதான்.

என் ராத்திரி கால் குடைச்சலில் ஆரம்பிக்கும். வலி என்று சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி. காலை உதறினால் நிற்கும், உதறுவதை நிறுத்தினால் மறுபடி ஊரும். எழுந்து நடந்தால் சுத்தமாகப் போய்விடும். சரி, போய்விட்டதே என்று படுத்தால், அதற்காகவே காத்திருந்ததுபோல வந்துவிடும். இரண்டு மணிக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டே, மனைவி எழுந்துவிடாமல், இருட்டில் நடந்துகொண்டிருப்பேன். அலுத்துப் போய்ப் படுத்தால் முதுகில் அரிப்பு. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை அழுத்தக் கூடாது, அதனால் இடப்பக்கம் திரும்ப வழியில்லை. அப்புறம் விடிவதற்குள் கிளம்பினால்தான் முதல் ஷிப்ட்டுக்கு வந்து சேர முடியும்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடவில்லை. இரும்புச்சத்து குறைந்தால் குடைச்சல் கூடும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு அதைக் கிளறிவிடும், உடம்பில் தேங்கிய நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தூக்கத்தில் மூச்சை அடைக்கும் என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருப்பவை. தூக்கத்தை அளக்கும் பிட்ஸ்பர்க் வினாத்தாள் 1989-லேயே வந்துவிட்டது. மொத்தம் 19 கேள்விகள். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று அர்த்தம். வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம் நகர முடியாமல் கிடக்கிறோம். 19 கேள்விக்கு அதில் நேரம் கிடைக்காதா?

மாதாமாதம் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ் என்று கட்டம் கட்டமாக நிரப்புகிறீர்கள். குடித்த தண்ணீருக்கு மில்லி கணக்கு கேட்கிறீர்கள். எடை கூடினால் திட்டும் விழுகிறது, வாங்கிக்கொள்கிறோம். தூங்கிய மணி நேரத்தைக் கேட்கத்தான் ஆளில்லை. என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், 'தினமும் எட்டு மணி நேரம் தூங்குங்கள்' என்று சிரித்த முகத்துடன் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். கண்ணயர்ந்தால் எழுப்பிவிடுவதால் நானும் அதை நான்கு மணி நேரம் முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏசி குளிரைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். நாலு மணி நேரம்கூடத் தூங்காதவன் எழுதுகிறேன். கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளவும் பயம். எங்கள் உடம்பிலிருந்து எந்த மருந்து வெளியேறும், எது தங்கிவிடும் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும்?

மாதப் பரிசோதனைத் தாளில் தூக்கத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதில் வருவதைப் படித்துவிட்டு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எங்கள் ஃபெரிட்டின் அளவையும் மாத்திரைப் பட்டியலையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அடுத்த மாதமே தொடங்க முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
முதல் ஷிப்ட், ஜன்னலோரக் கட்டில்