நோயாளிகளின் வாட்ஸ்அப் குழுக்களை மூடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற வார இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளிகள் தாங்களே சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப், பேஸ்புக் குழுக்களில் வதந்தியும் கைமருந்தும் மலிந்து கிடக்கின்றன, அவற்றில் சேராமல் இருப்பதே நல்லது என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் அது பகலில் நடப்பதில்லை.

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2021 கடைசியில் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் மெசினோடு கிடக்க வேண்டும். வைத்தியர்களையும் தாதிமாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற மெசின்களையும் வெளியே வரிசையில் இருக்கிற ஆட்களையும் பார்த்தால், அவர்கள் ஒருவரோடு ஐந்து நிமிடம் நின்று கதைப்பதே பெரிய காரியம். அந்த ஐந்து நிமிடத்தில் பொட்டாசியம், பிரஷர், நிறை என்று கேட்டு முடித்து, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க யாருக்கும் நேரம் வராது.

முதல் வருடம் அவர் பயந்தாரா என்றே எனக்குத் தெரியாது. கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். விறாந்தையில் பேச்சுக்குரல் கேட்டு எழும்பினேன். போனை வாய்க்குக் கிட்ட வைத்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நானா, படுத்தா விடிய எழும்புவனோ எண்டு பயமா இருக்கு. அதுதான் நித்திரை கொள்ளாமல் இருக்கிறன்."

மறுபக்கத்தில் இருந்தவர், அவர் சேர்ந்திருந்த டயாலிசிஸ் நோயாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் உள்ள கிண்ணியாக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். டயாலிசிஸில் ஏழு வருடப் பழக்கம் உள்ளவர். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் வந்தது. "தம்பி, எனக்கும் முதல் ஆறு மாசம் இப்பிடித்தான். கையில ஊசி ஏத்துற இடத்தைத் தொட்டுப் பாருங்க. ஓடுதா? அப்ப நீங்களும் ஓடுறீங்க. போய்ப் படுங்க."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்பவர்களில் அநேகருக்குக் கையில் ஒரு நாடியையும் நாளத்தையும் இணைத்துச் சின்னச் சத்திரசிகிச்சை செய்வார்கள். பிஸ்டியுலா என்பார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே தேனீக்கள் இரைவது போல ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, அதன் மேல் படுக்கவும் கூடாது. இவ்வளவும் ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தார்கள். பயம் வரும்போது அதைத் தொட்டுப் பார்த்து ஆறுதல் அடையலாம் என்பதை அந்த நானாதான் சொன்னார். இப்போது நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் நானும் என் கணவரின் கையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்குச் சொல்லாததை, முகம் கூடச் சரியாகத் தெரியாத ஆளுக்குச் சொல்லியிருக்கிறார்! இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். என்னைத் தேற்றுகிற வேலையும் அவர் தலையில் விழுந்திருக்கும். நானாவிடம் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. அவர் அதே பயத்தைத் தாண்டி வந்தவர், அழ மாட்டார். குடும்பத்தால் கொடுக்க முடியாத ஒரு ஆறுதல் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்தக் குழுவில் உப்புவெளி, தம்பலகாமம், மூதூர், குச்சவெளி என்று பல இடத்து ஆட்கள் இருக்கிறார்கள். கந்தளாயில் இருந்து ஒரு சிங்களத் தம்பியும் இருக்கிறார். உடைந்த தமிழில் குரல்பதிவு போடுவார், எல்லோருக்கும் விளங்கும். எழுத்து வராத வயதுபோன அம்மாமார்கூட மைக்கை அழுத்திப் பேசப் பழகிவிட்டார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை அங்கிருந்து திருகோணமலைக்குப் பெரும்பாலும் படகில்தான் வர வேண்டும். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் தனியே என்ன பாடு பட்டார்களோ. 2022இல் பெற்றோல் வரிசையில் ஊரே நின்றபோது, யாருடைய ஆட்டோவில் எண்ணெய் இருக்கிறது, யாரை எங்கே ஏற்றலாம் என்று இந்தக் குழுவில்தான் பேசி ஒழுங்கு செய்தார்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தாகம்தான் பெரிய வதை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருப்பார்கள். நிலாவெளியில் இருந்து ஒரு அக்கா சின்னத் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, "இதுதான் என்ர இண்டைய கிணறு" என்று எழுதினார். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் சிரித்த சிரிப்பு! வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம். அன்றைக்கு நாலைந்து பேர் தங்கள் தங்கள் கிணறுகளைப் படம் எடுத்துப் போட்டார்கள்.

சரி, கட்டுரை சொன்ன பாதிக்கு வருகிறேன். எங்கள் குழுவிலும் அது நடந்தது. சிறுநீரகத்தைக் கழுவும் இலைச்சாறு என்று எங்கிருந்தோ வந்த செய்தியை ஒருவர் நல்லெண்ணத்தில் பகிர்ந்துவிட்டார். இன்னொருவர் அதை மூன்று நாள் குடித்து, சுகமாக இருக்கிறது என்று ஒரு முறை டயாலிசிஸுக்கும் போகாமல் விட்டார். நான்காம் நாள் இரவு மூச்செடுக்க முடியாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. பகிர்ந்தவர் அழுதுகொண்டே குழுவை விட்டுப் போனார். இரண்டு நாளில் அந்த நோயாளியே கதைத்துத் திரும்பக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து ஒரு சட்டம்: மருந்து, மூலிகை, அளவு எதுவும் எழுதக் கூடாது, அதெல்லாம் வைத்தியரிடம். வெட்டினால் நட்சத்திரம் போல இருக்கும் காமரங்காய் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு என்பது போன்ற எச்சரிக்கைக்கு மட்டும் அனுமதி, அதையும் தாதி ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். இப்படித் திருத்தக்கூடிய பிழைக்காக வீட்டையே இடிக்கச் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

கோபத்தில், தாதியியல் படிக்கும் மகளிடம் இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஆறுதல் ஆயுளையும் கூட்டும் என்று சொல்வாளாக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களைக் குழுவாக இருத்திப் பேச வைத்ததில் அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்ததாம். 2001இல் கனடாவில் பெரிதாகச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்திருந்தன. எனக்கு அது போதும். நெதர்லாந்தில் 2008இல் வந்த இன்னொன்று, இணையக் குழுக்களில் வாயே திறக்காமல் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களுக்கும், எழுதுபவர்களுக்குக் கிடைக்கும் பலன்களில் பெரும்பாலானவை கிடைப்பதாகச் சொல்கிறது. எங்கள் குழுவிலும் ஒரு வார்த்தை பேசாத ஆட்கள் நிறைய. பேசாவிட்டால் ஏன் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதுண்டு, இனிக் கேட்க மாட்டேன்.

பிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்கர் 1965இலேயே எழுதிய ஒன்றையும் மகள் காட்டினாள்: உதவி பெறுபவரைப் போலவே, சில வேளை அவரை விடவும், உதவி செய்பவர் தேறுகிறார் என்று. இதற்கு எனக்குப் புத்தகம் தேவையில்லை. போன மாதம் புதிதாக வந்த ஒரு பொடியன் இரவில் பயந்து எழுதியபோது, அந்தத் தேனீ இரைச்சலைப் பற்றி அவனுக்குச் சொன்னவர் என் கணவர்.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. போன வருடம் மூதூர் அக்கா ஒருவருடைய இலக்கத்தில் இருந்து ஒரு நாள் வேறு குரல் வந்தது. "நான் அவவின்ர மகள். அம்மா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா." என் கணவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்தது தானோ என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கும். அந்தக் கிழமை குழுவில் யாரும் யாரையும் தேற்றக்கூடிய நிலையில் இல்லை. நோயாளிகளை மட்டும் நம்பி விட்டுவிட முடியாத இடம் அதுதான். 1926 என்ற மனநல உதவி இலக்கம் நாட்டில் இருக்கிறது. எங்கள் குழுவில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கிளினிக் துண்டில் ஒரு மூலையில் தமிழில் அச்சடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே கட்டுரை எழுதியவரிடம் என் வேண்டுகோள்: விலகி இருங்கள் என்று எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவிலும் ஒரு தாதியோ சமூக சேவை உத்தியோகத்தரோ இப்படியான குழுவில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பிழையான தகவல் வந்தால் திருத்தட்டும், யாராவது இறந்தால் இரண்டு வார்த்தை சொல்லட்டும். மற்ற நேரம் சும்மா இருந்தால் போதும். உங்கள் மருத்துவப் பக்கத்திலும் மாதம் ஒரு முறையாவது ஒரு நோயாளி எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கிண்ணியா நானாவிடம் கேட்டுவிட்டேன். அவர் தயார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.