கிழக்கு எல்லையில் ஒரு பெயர்

அன்பு மகளுக்கு,

சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, "நம் குடும்பம் எந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது அப்பா? பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்" என்று கேட்டாய். ராஜா வள்ளியூரிலிருந்து வரவழைத்த ஏழு குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று என்றும், அவர் கொடுத்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம் என்றும் நான் சொன்னேன். அதில் பின்பாதி தவறு. என் அப்பா எனக்குச் சொன்னதை ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் உனக்குச் சொல்லிவிட்டேன். அது பேரனின் நோட்டில் ஏறுவதற்குள் திருத்திவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முன்பாதியை ஊர் முழுவதும் சொல்லும். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்வதற்காக நெசவாளர்களான சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அந்த ராஜாவின் பெயர்தான் பாலராமபுரம் என்று ஊருக்கு நின்றது. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று நீ சைக்கிள் ஓட்டித் திரிந்த தெருக்கள் நேராகவும் நீளமாகவும் கிடப்பதற்குக் காரணம், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான். விடியற்காலையில், வெயில் ஏறும் முன், நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தேய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்தாக வேண்டும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பதும், வாசலில் இறங்கினால் உடனே தெரு வருவதும் அந்த வேலைக்குப் பொருந்திய அமைப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இனி நம் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பீரோவின் அடித்தட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த ஆதாரத்தை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்தேன். கொல்லம் ஆண்டு 1103 மேட மாதம், அதாவது 1928 சித்திரையில், உன் பூட்டன், எனக்குப் பாட்டா, இதை விலைக்கு வாங்கியிருக்கிறார். விற்றவர் நம் உறவே இல்லை. ஆக, இந்த வீடு நமக்கு வந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு நம்மிடம் உள்ள காகிதங்களில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு நாள் மனம் சோர்ந்துதான் இருந்தேன். மூன்றாம் நாள் அதே ஆதாரத்தை மறுபடி வாசித்தபோது, நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தில் கண் நின்றது. வரிசை வீட்டுக்குக் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் என்ன? அடுத்த வீடுகள்தானே. அந்த வீடுகளில் இருந்தவர்களின் பெயர்களை எழுதாமல் நம் ஆதாரத்தை முடிக்க முடியாது. அப்படியானால் நம்மவர்களின் பெயரும் வேறு யாருடைய ஆதாரத்திலோ எல்லையாகக் கிடக்க வேண்டும் அல்லவா? நம் பெட்டியில் தேடியதை விட்டுவிட்டு, தெருக்காரர்களின் பெட்டிகளைத் திறந்து காட்டும்படி ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். ஓரிருவர் பாகப் பிரச்சினை ஏதும் கிளம்பிவிடுமோ என்று தயங்கினார்கள்; மற்றவர்கள் எல்லோரும் காபி கொடுத்து, கண்ணாடியும் கொடுத்து, காட்டினார்கள்.

இரட்டைத் தெருவில் பதினோராவது வீட்டில் கிடைத்தது. கொல்லம் ஆண்டு 1086 கன்னி, அதாவது 1910. தொகையைப் பணம், சக்கரம் என்ற அந்நாளைய திருவிதாங்கூர் நாணயங்களில் எழுதிய பத்திரம். அன்று ஏழு பணம் ஒரு ரூபாய், நான்கு சக்கரம் ஒரு பணம். எழுத்து மலையாளம். கிழக்கு எல்லை என்ற இடத்தில் என் பூட்டனின் பெயர் இருந்தது. "ஒற்றிக்குக் குடியிருந்துவரும் வீடு" என்று பொருள்படும் சொற்களும் உடன் இருந்தன. ஒற்றி என்றால், வீட்டுக்காரருக்குக் கடனாகத் தொகை கொடுத்து, அது திரும்பும்வரை அந்த வீட்டில் குடியிருப்பது. ராஜா கொடுத்த வீடு என்று நான்கு தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள் அந்த நாளில் ஒற்றி வீட்டில் இருந்திருக்கிறார்கள். இதில் எனக்குத் தலைகுனிவு ஒன்றும் இல்லை. ஒற்றி வீட்டிலிருந்து பதினெட்டு ஆண்டுக்குள் சொந்த வீடு வாங்குமளவுக்கு அந்தத் தறியில் உழைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்திரத்தின் அடியில் சாட்சியாகக் கையெழுத்திட்டதும் அவரே. மேலே அத்தனையும் மலையாளமாக இருக்க, அந்த ஒரு கையெழுத்து மட்டும் தமிழில், நடுங்கிய பெரிய எழுத்துகளில் இருக்கிறது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு அந்தக் கிழக்கு வீட்டுக்கே போனேன். இப்போது தனியாக இருக்கும் ஒரு பெரியம்மை என்னை உள்ளே அழைத்து, நடு அறையில் பாய் விரித்திருந்த இடத்தைக் காட்டி, பலகைகளைத் தூக்கச் சொன்னார்கள். கீழே தறிக்குழி. மிதி கட்டியிருந்த கயிற்றின் நுனி ஒன்று ஓரத்தில் இன்னும் தொங்குகிறது. நெய்கிறவர் உட்காரும் பக்கத்து விளிம்பு, உரசி உரசி, ஆட்டுக்கல்லைப் போல வழவழப்பாக இருந்தது. கயிற்றை இழுத்து ஓடவிடும் விசைநாடா இல்லாமல் ஓடத்தைக் கையாலேயே எறிந்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல வரும்படி கசவு என்னும் சரிகைக் கரை நெய்ததெல்லாம் அந்தக் குழியில் காலை விட்டு உட்கார்ந்துதான். மேற்குச் சுவரில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில், ஒரு கதவு நிலையின் மேல்மரம் துருத்திக்கொண்டு நிற்கிறது. "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வழி இருந்தது மக்களே, அண்ணன் தம்பி பிரிஞ்சப்போ செங்கல் வச்சு அடைச்சாங்கன்னு எங்க மாமி சொல்லும்" என்றார்கள். அந்த அண்ணன் தம்பி நம்மவர்களா, அவர்களுக்கு முன் இருந்தவர்களா என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவில் கோட்டாற்றில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையின் வீட்டுக் காகிதங்களும் உதவலாம். 1956 நவம்பர் 1 அன்று அவர்கள் தெரு மதராஸ் மாநிலத்துக்குப் போய், நாம் கேரளத்தில் நின்றுவிட்டோம். ஆனால் அதற்கு முந்தைய பத்திரங்கள் எல்லாம் இரு பக்கமும் ஒரே அரசின் முத்திரையில்தான் இருக்கின்றன. தை பிறந்ததும் போய் வருகிறேன். இங்கேயும் ஓர் அவசரம் இருக்கிறது. இரட்டைத் தெருவில் அந்த வீட்டை இடித்துக் கட்டப் பெரியம்மையின் மகன் விலை பேசியிருக்கிறான். நிலையின் மேல்மரத்தையாவது எனக்குக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறான்.

உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வங்கிக் கடனுக்காக நீ கொண்டுபோன கோப்பில், பாட்டாவும் அவர் தம்பியும் எழுதிய பாகபத்திரத்தின் நகல் இருக்கிறது. அசல் இங்கே செல்லரித்து, எல்லை எழுதிய பக்கம்தான் போய்விட்டது. இரண்டாம் அட்டவணையில் மேற்கு எல்லை என்று தொடங்கும் வரியை வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. உனக்கு மலையாளம் வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, வரி முழுவதும் வந்தால் போதும். பேரனிடம், நோட்டில் இப்போதைக்கு 1910, இரட்டைத் தெரு என்று மட்டும் எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா