பிள்ளைகளின் வயதைக் கேட்காமல் கப்பல் டிக்கெட் விற்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில் கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடலில் ஏழு இரவுக் கப்பல் சுற்றுலா, குடும்பத்தோடு வாருங்கள் என்று முழுப் பக்க விளம்பரம் வந்திருந்தது. பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். போன மே மாதம் இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோவையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் கிளம்பிப் போனோம். பெரியவளுக்கு 15 வயது, நடுவில் பையனுக்கு 9, கடைக்குட்டிக்கு இரண்டே முக்கால். கப்பலிலோ கடலிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னொரு தடவை போகக் கூப்பிட்டாலும் போவேன். ஆனால் பணம் கட்டி முடிக்கும் வரை பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எங்கள் ஏஜென்ட் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகல் கேட்டார், அதுவும் விசாவுக்காக. கேட்டிருந்தால் வேறு கப்பலில் போயிருப்போம், அல்லது நான்கு மாதம் கழித்துப் போயிருப்போம்.

ஏன் நான்கு மாதம் என்றால், கப்பலில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கிளப் இருக்கும், விளையாட்டு, படம் வரைவது, ஆட்டம் பாட்டம் என்று காலையிலிருந்து இரவு வரை நடக்கும். பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயது நிறைந்த, டயபர் இல்லாமல் பாத்ரூம் போகப் பழகிய குழந்தையை மட்டும்தான் அங்கே தனியாக விட்டுவிட்டு வரலாம். மூன்றுக்குக் கீழே இருந்தால் கதை வேறு. சில கப்பலில் கைக்குழந்தைகளுக்கென்று தனி அறை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வார்கள், சிலவற்றில் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருந்தால் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். எங்கள் கப்பல் இரண்டாவது வகை. ஏழு நாளும் அந்தக் குட்டி நாற்காலிகளுக்கு நடுவில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நீச்சல் குளம் இன்னும் கஷ்டமாகப் போயிற்று. டயபர் போடும் வயதுக் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், தண்ணீரில் போடுவதற்கென்றே விற்கும் டயபராக இருந்தாலும் சரி. இது சுகாதாரத்துக்காக வைத்த விதி, நியாயமான விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சில கப்பல்களில் இந்த வயதுக் குழந்தைகளுக்கென்றே தனியாகத் தண்ணீர் பீய்ச்சும் இடம் கட்டியிருக்கிறார்கள், எங்கள் கப்பலில் அது இல்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பாப்பாவுக்கு வாத்துத் தலை வைத்த மஞ்சள் மிதவை ஒன்று வாங்கியிருந்தோம். முதல் நாள் சாயங்காலம் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே ஓடினாள். குளத்துப் படியில் நின்றிருந்த பணிப்பெண் மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார். பாப்பா அழவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையிலும் அந்த மிதவையைக் கழற்ற மாட்டேன் என்று இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள், உட்கார முடியவில்லை. இதைப் பதிவு செய்யும்போதே யாராவது ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?

இனி பெரியவள் விஷயம். பதின்வயதினருக்கும் தனி கிளப் உண்டு, பல நிறுவனங்கள் 12 முதல் 14 வரை ஒன்று, 15 முதல் 17 வரை ஒன்று என்று பிரித்து வைத்திருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்த கையோடு வந்தவள், இதைத்தான் ஆவலாக எதிர்பார்த்தாள். போய்ப் பார்த்தால் மூன்று பேர், மூன்று பேரும் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்குக் கப்பல்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு ஏப்ரல் கடைசியிலேயே விடுமுறை தொடங்கிவிடுகிறது, ஆனால் இத்தாலியில் பள்ளி மூடுவது ஜூன் முதல் பாதியில், ஸ்பெயினில் ஜூன் கடைசிப் பக்கம், பிரான்ஸில் ஜூலை தொடக்கத்தில். நாம் போகும் மே மாதத்தில் கப்பல் நிறையப் பெரியவர்களும் பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளும்தான் இருப்பார்கள். சரி, அப்படியானால் ஜூலை, ஆகஸ்டில் போகலாமே என்றால் அப்போது நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும், டிக்கெட் விலையும் ஏறிவிடும், வெயிலும் நம்ம ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை. 2023 ஜூலையில் ஏதென்ஸில் வெப்ப அலை தாங்காமல், குன்றின் மேல் இருக்கும் பழங்காலக் கோயில் வளாகமான அக்ரோபோலிஸையே நண்பகல் நேரத்தில் மூடி வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் கல் பாவிய மேட்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் மே மாதமே மேல்தான், கடல் தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கூட்டாளிகள் கிடைப்பார்கள் என்று வயசுப் பிள்ளைக்கு ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள், அல்லது அதே வயதுப் பிள்ளை இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள்.

இத்தனையும் பட்ட பிறகு எனக்குத் தோன்றுவது, கப்பலைக் கடைக்குட்டியை வைத்தும் பாதையைப் பெரிய பிள்ளையை வைத்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை ஊர் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நாங்கள் பார்சிலோனாவில் ஏறி மார்சேய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, பலெர்மோ, வலேட்டா என்று போய், ஒரு நாள் முழுக்கக் கடலில் இருந்துவிட்டுத் திரும்ப பார்சிலோனாவில் இறங்கினோம். விளம்பரத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தது. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். துறைமுகத்துக்குள் ஒரு பஸ், அப்புறம் ஸ்டேஷனுக்குப் போக இன்னொன்று, பிறகு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், சாயங்காலம் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தும் ஆக வேண்டும். ஃப்ளோரன்ஸ் என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான், கப்பல் நிற்பது லிவோர்னோவில், அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர்.

அதனால் அன்றைக்கு நாங்கள் பிரிந்துகொண்டோம். என் கணவர் பெரியவளையும் பையனையும் கூட்டிக்கொண்டு ரோம் போனார், நான் பாப்பாவோடு கப்பலிலேயே இருந்துவிட்டேன். அங்கிருக்கும் பழங்கால அரங்கமான கொலோசியத்துக்கு 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் இலவச டிக்கெட்டுக்கும் நேரம் குறித்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அதைப் பெரியவளே கோவையில் இருக்கும்போது செய்து வைத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் படித்த ரோம் கண்ணெதிரே நிற்கிறது என்று அவள் அங்கிருந்து அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நானும் பாப்பாவும் காலியாகக் கிடந்த கப்பலில் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடினோம், மதியம் அவள் மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கினாள். எல்லா ஊரிலும் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, முதல் தடவை போகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

எல்லா வயதுக்கும் சேர்த்துப் பிடித்துப்போன ஊர்கள் இரண்டு. ஜெனோவாவில் கப்பலிலிருந்து இறங்கி நடந்தே போகும் தூரத்தில் பழைய துறைமுகத்தில் பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது, 1992-ல் திறந்தது, சுறாவும் டால்பினும் பார்த்து மூன்று பேருமே வாயைத் திறந்தபடி நின்றார்கள். அடுத்தது மால்டாவின் வலேட்டா. கோட்டைச் சுவருக்கு அடியிலேயே கப்பல் நிற்கிறது, பக்கத்தில் இருக்கும் லிஃப்டில் ஏறினால் 58 மீட்டர் மேலே ஊருக்குள்ளேயே ஒரு பூங்காவில் கொண்டுபோய் விடுகிறது, தள்ளுவண்டியை மடக்கக்கூட வேண்டாம். அங்கே தினமும் பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். பையன் அரை மணி நேரம் முன்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு இடம் போட்டான். கிரேக்க நாட்டின் சாண்டோரினி படத்தைப் போட்டுத்தான் நிறைய விளம்பரம் வருகிறது, அழகான தீவுதான். ஆனால் அங்கே கப்பல் கரைக்கே வராது, சின்னப் படகில் இறங்கி, மேலே போகக் கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், 2025 ஜூலையிலிருந்து சீசன் உச்சத்தில் கப்பல் பயணிகளுக்குத் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தை இருந்தால் அந்தப் பாதையை இரண்டு மூன்று வருடம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேபின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கேபினில் அதிகபட்சம் நான்கு பேர், அதிலும் இரண்டு பேருக்குப் படுக்கை மேலே சுவரிலோ கூரையிலோ மடித்து வைத்திருப்பார்கள், ராத்திரி இறக்குவார்கள். ஐந்து பேர் என்றால் பெரும்பாலும் இரண்டு கேபின் எடுக்க வேண்டி வரும். நடுவில் கதவு வைத்த ஜோடிக் கேபின்கள் உண்டு, ஆனால் அவை கொஞ்சம்தான், முதலில் விற்றுப்போவதும் அவைதான். எங்களுக்குக் கொடுத்தது இரண்டு தளம் தள்ளித் தள்ளி. ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மருந்துப் பை என் கணவர் அறையில், நான் கீழே. பதிவு செய்யும்போதே கேபின் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பெற்றோரோடு ஒரே கேபினில் தங்கினால் பிள்ளைகளுக்கு இலவசம் என்று சில நிறுவனங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் துறைமுக வரி அவர்களுக்கும் உண்டு. தினமும் தலைக்கு இத்தனை என்று சேவைக் கட்டணம், குடிக்கும் ஜூஸ், இணையம் எல்லாம் தனி. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கும் 12 வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் 90 யூரோ, 6 முதல் 11 வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். பாதையில் துருக்கி இருந்தால் அந்த நாட்டு விசா விதியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஷெங்கன் விசாவும் பலமுறை நுழைவதாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கேபினில் மின்சார அடுப்போ ரைஸ் குக்கரோ வைக்க விடமாட்டார்கள், கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் இரவு உணவில் வெறும் சாதமும் தயிரும் கேட்டால் கொடுக்கிறார்கள், இரண்டாம் நாளிலிருந்து கேட்காமலேயே பாப்பாவுக்குக் கிண்ணத்தில் வந்தது. ஊறுகாய் மட்டும் நாங்கள் கொண்டுபோனது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த மாதிரி விளம்பரங்களை வாங்கும்போது, எந்த வயதிலிருந்து கிளப்பில் சேர்ப்பார்கள், டயபர் குழந்தைக்குத் தண்ணீரில் இடம் உண்டா, ஊர் பெயருக்குப் பக்கத்தில் துறைமுகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், ஐந்து பேருக்கு எப்படிக் கேபின் என்ற நான்கு விவரத்தையும் தமிழில் போடச் சொல்லுங்கள். விளம்பரதாரர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கடிதத்தையாவது அந்த விளம்பரம் வரும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வெளியிடுங்கள். ஏப்ரலுக்கு முன்பதிவு செய்ய நிறைய வீடுகளில் இப்போதே பேசிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி, கோயம்புத்தூர்