250 வீடு சேர்ந்தால்தான் ஏழைக்கு வீடா? ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்னை காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவை ஒட்டி, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அரசு இடம் ஒன்று இருக்கிறது. அதில் 90 வீடுகள் வரை கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. கடற்கரையோரம் தகரமும் தார்ப்பாயும் போட்டு வாழும் குடும்பங்கள் ஆதார் நகலையும் குடும்ப அட்டை நகலையும் தூக்கிக்கொண்டு ஓடின. போன மாதம் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கப் போனோம். “உங்கள் இடம் சின்னதம்மா. சின்ன இடம் என்றால் டெல்லியில் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அதற்கு யார் அலைவது? பெரும்பாக்கத்தில் வீடு இருக்கிறது, எழுதிக்கொள்ளட்டுமா?” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆகவே அவரிடம் சண்டை போடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2015 ஜூனில் பிரதமர் பெயரிலான நகர்ப்புற வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசும் மற்றவர்களும் கூட்டாகக் கட்டும் குடியிருப்புகளுக்கு ஒரு நிபந்தனை வைத்தீர்கள். ஒரு திட்டத்தில் குறைந்தது 250 வீடுகள் இருக்க வேண்டும்; அவற்றில் 35 சதவீதமாவது பொருளாதாரத்தில் நலிந்தோருக்குப் போக வேண்டும். இரண்டாவது பாதி நியாயமானது. முதல் பாதியைத் தளர்த்த வேண்டுமானால் மாநில அரசு விண்ணப்பிக்க வேண்டும், டெல்லியில் இருக்கும் உங்கள் ஒப்புதல் குழு மனது வைக்க வேண்டும் என்றும் அப்போது எழுதினீர்கள். இதையெல்லாம் எழுதியவர்கள் நீங்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வரி இங்கே வந்து சேர்ந்த பிறகு என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

250 வீடு கட்டும் அளவுக்குக் காலி நிலம் ராயபுரத்திலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ எளிதில் கிடைக்காது. 40 வீட்டுக்கும் 90 வீட்டுக்கும்தான் ஆங்காங்கே துண்டு துண்டாக இடம் கிடக்கிறது. பெரிய எண்ணிக்கைக்கு ஏற்ற நிலம் தேடினால் கால் தானாகவே தெற்கே போகிறது: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். 2015 பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் விற்பவர். அவருக்குப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி வீடு கிடைத்தது. உங்கள் திட்டத்துக்கு முந்தைய திட்டத்தில், 2005இல் ஜவாஹர்லால் நேரு பெயரில் தொடங்கிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில், கட்டிய வீடு அது. ஆட்சி வேறு, பெயர் வேறு. அனுப்பி வைக்கும் திசை மட்டும் மாறவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தாண்டி வர அவருக்குப் பஸ் கிடையாது. ஆட்டோவில் வந்தால் அன்றைய லாபம் ஆட்டோவுக்கே போய்விடும். ஐஸ் ஒழுகும் கூடையோடு வருபவரை ஏற்ற எல்லா ஆட்டோக்காரர்களும் சம்மதிப்பதும் இல்லை. ஆகவே வாரத்தில் பாதி நாள் அவர் பெரும்பாக்கத்துக்குத் திரும்புவதே இல்லை. எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் அந்த இரவுகளில் ஆறாவது மாடியில் தனியாகத் தாழிட்டுக்கொண்டு இருக்கிறாள். மணிக்கொரு முறை போன் செய்து “தூங்கிட்டியா?” என்று எழுப்பி எழுப்பிக் கேட்கிறார் அக்கா.

அரசுக் கணக்கில் அவர் வீடு பெற்ற பயனாளி. மாடிப்படிக்கு அடியில் படுத்திருப்பவரைக் கணக்கெடுக்கத் தனிப் படிவம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வீடு எங்கே, எத்தனை, எவ்வளவு பெரியது என்பதை எங்கள் ஊர் முடிவு செய்யட்டும். பணத்தை நீங்கள் கொடுங்கள், கணக்கை நீங்கள் கேளுங்கள். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறைதான். ஆனால் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு எங்கள் தெருமுனை இடம் சின்னதா பெரியதா என்று நீங்கள் அளக்க வேண்டாம். 1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகரத் திட்டமிடலையும் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகராட்சி அமைப்புகளுக்கு உரிய வேலைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியலின் ஒரு பிரதி உங்கள் அலுவலகத்திலும் இருக்கும்.

“கேட்டால் தளர்த்தித் தருவோமே” என்பீர்கள். எதற்குக் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. ஒரு கடிதம் எழுத ஆளில்லாத குறையால் 90 குடும்பங்களின் காரியம் நின்றுபோயிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். 2015இல் ஒரு வீட்டுக்கு உங்கள் பங்கு 1.5 லட்சம் ரூபாய். 2024இல் திட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோதும் தமிழ்நாட்டுக்கு அதே 1.5 லட்சம். இடையில் சிமெண்டும் கம்பியும் மணலும் விலை ஏறியதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சென்னையில் ஒரு வீடு கட்டும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு என்பதை உங்கள் பொறியாளர்களே கூட்டிப் பார்க்கட்டும். அதையும் 40, 40, 20 சதவீதம் என்று மூன்று தவணையாகப் பிரித்துத்தான் அனுப்புகிறீர்கள். கல்யாணத்துக்கு நூறு ரூபாய் மொய் எழுதியவர் பந்தல் எந்தப் பக்கம் போட வேண்டும் என்று ஆணையிடுவது போல இருக்கிறது இது.

பெரும்பாக்கத்திலேயே நீங்கள் கட்டிய ‘கலங்கரை விளக்க’ மாதிரித் திட்டத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1,152 வீடுகள், 2021 புத்தாண்டு நாளில் அடிக்கல், 2022 மே மாதம் பிரதமர் கையால் திறப்பு. சுவர்களை முன்கூட்டியே வார்த்து எடுத்து வந்து பொருத்தும் முறை. அமெரிக்க, பின்லாந்துத் தொழில்நுட்பம் என்றார்கள். சுவர் விரைவாக எழுந்தது, மகிழ்ச்சி. அந்த வீட்டிலிருந்து வடசென்னையில் வேலை செய்யும் இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேரும் தொழில்நுட்பம் பின்லாந்தில் இருக்கிறதா என்றும் விசாரித்திருக்கலாம்.

அந்த நிலத்தைக் கொடுத்தது எங்கள் மாநில அரசு என்பது தெரியும். அவர்களை நான் விட்டுவிடவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பினார்கள்; நான் பிறந்து வளர்ந்த கட்டடமும் அப்படி எழுந்ததுதான். 2021இல் வாரியத்துக்குப் பெயர் மாற்றத் தெரிந்தவர்கள், டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதத் தயங்குவானேன்? அவர்களுக்குத் தனி மடல் தயாராகிக்கொண்டிருக்கிறது.

உள்ளூர் விஷயத்தில் தலையிட்டே தீருவது என்று இருந்தால், நீங்கள் தலையிட நல்ல இடமும் இருக்கிறது. வடசென்னையில் ரயில்வேயும் துறைமுகமும் வைத்திருக்கும் நிலம் உங்கள் அரசின் நிலம். அதில் பயன்படாமல் கிடக்கும் பகுதியில் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள். அந்தத் தலையீட்டை மாலை போட்டு வரவேற்கிறோம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற தடை நகர எல்லைக்குள் எந்த வடிவிலும் இருக்க வேண்டாம். சிறிய இடங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சென்னையிலேயே இருக்கட்டும். வீடு எங்கே, எத்தனை, எவ்வளவு பெரியது என்பதை எங்கள் ஊர் முடிவு செய்யட்டும்.

பதில் தமிழில் வந்தால் நல்லது. ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்லப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு விண்ணப்பப் படிவம் மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
காசிமேட்டு வாரியக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருத்தி